விளக்கீடு அன்று பனி விழுமா

1

நவம்பர் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அங்கை இப்ப ஸ்நோ கொட்டுதோ?" இல்லை என்று சொன்னால் அவர்களுக்கு என்னைவிடக் கவலை. ஜேர்மனிக்குப் போயும் பனி இல்லையென்றால் போனதிலேயே ஏதோ குறை என்பதுபோலப் பேச்சை மாற்றுவார்கள்.

நான் இருக்கும் எசன் நகரப் பக்கம் நவம்பர் என்றால் தூறல்தான். காலையில் இருட்டு, மத்தியானம் சாம்பல் நிறம், நாலரை மணிக்கு மறுபடி இருட்டு. பனி விழுந்தாலும் சோறு தின்று கை கழுவுவதற்குள் சேறாகிவிடும். தெற்கே மலைப்பக்கம் இருக்கிறவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு எங்களையும் அப்படி நினைக்கக் கூடாது.

இந்த வருடம் அந்தப் பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. நவம்பர் நடுவிலேயே கையுறை இல்லாமல் வேலை வான் வண்டியின் கதவைத் தொட முடியாத குளிர். வழக்கத்துக்கு முந்திய குளிர் என்றும், தாழ்வான இடங்களிலும் பனி தரையில் தங்க வாய்ப்பு உண்டு என்றும் வானொலியில் ஒவ்வொரு மணிக்கும் சொன்னார்கள். எந்த நாளில் என்று பார்த்தேன். அவர்கள் சொன்ன நாள் எங்கள் கார்த்திகை விளக்கீடு.

டிரெஸ்டனில் படிக்கிற மகள் அபிராமி கைத்தொலைபேசியில் வந்த காலநிலைப் படத்தை அனுப்பியிருந்தாள். கீழே ஜேர்மன் எழுத்தில் தமிழ். 'அப்பா வெளியிலை நிக்காதேங்கோ.' எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நிற்பேன் என்று தமிழ் எழுத்தில் பதில் எழுதினேன். அதை அவள் வாசிக்க எவ்வளவு நேரம் எடுத்தாளோ தெரியாது.

2

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றது. கட்டடங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கோடையில் புல் வெட்டுவோம், கூரைப் பீலியில் அடைத்த இலை அள்ளுவோம். குளிர்காலத்தில் பனி தள்ளுவோம், ஆட்கள் வழுக்காமல் சிறுகல் தூவுவோம். இங்கே வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைக் காலை ஏழு மணிக்குள் துப்புரவாக்குவது வீட்டுக்காரரின் பொறுப்பு. யாரும் விழுந்து காலை முறித்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை அவர்களிடமிருந்து வாங்கிச் செய்வதுதான் எங்கள் வேலை.

அதற்கு ஒரு கொப்பி உண்டு. திகதி, நேரம், எத்தனை பாகை குளிர், பனியா உறைந்த நீரா, என்ன செய்தது. கடைசி நிரலில் செய்தவர் பெயர். நான் சேர்ந்த முதல் கிழமையிலேயே எங்கள் மேலாள் ஊவே அந்தக் கொப்பியை என் நெஞ்சில் தட்டிச் சொன்னார். "எழுதவில்லை என்றால் நீ செய்யவில்லை. பெயர் போடவில்லை என்றால் யாருமே செய்யவில்லை. உனக்குக் கை விறைத்தாலும் எழுது."

இத்தனை வருடமாகக் கை விறைக்க விறைக்க எழுதினேன். அதனால் எனக்கு அங்கே ஒரு பட்டமும் கிடைத்தது. காலநிலை சொல்கிறவரை ஜேர்மன்காரர் பகிடியாகத் தவளை என்பார்கள். ஊவே காலையில் கோப்பி குடித்துக்கொண்டே வந்து, "எங்கள் தவளை இன்றைக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்பார். தான் சின்னவனாக இருந்தபோது நவம்பரில் முழங்கால் வரை பனி என்று அவர் அடிக்கடி சொல்வார். அதைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது நான் எழுதிய கொப்பிகள். அவற்றில் ஒரு வருடம் நவம்பரிலேயே கல் தூவியிருக்கிறோம், இன்னொரு வருடம் தைப்பொங்கல் வரை சவளைத் தொடவில்லை. ஒழுங்கான வரிசை எதுவும் இல்லை. குளிர் தன் பாட்டுக்கு வரும், போகும்.

சவள் என்றால் பனி தள்ளும், நீண்ட பிடி வைத்த அகலத் தட்டு. என்னுடையது பிளாஸ்டிக். நிறுவனம் புதிது தந்தபோதும் நான் பழையதை விடவில்லை. வீட்டுக்கும் அதுதான், வேலைக்கும் அதுதான். அதன் வலது ஓரத்தில் உருகின பள்ளம் ஒன்று இருக்கிறது. எப்போதோ வேலை வானின் புகைக்குழாயில் முட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதனோடேயே இத்தனை குளிர்காலம் தள்ளிவிட்டேன்.

3

வேலைக் கொப்பியைப் பார்த்துத்தான் வீட்டுக் கொப்பியைத் தொடங்கினேன். அது சாமி அறையில், பஞ்சாங்கத்துக்குக் கீழே இருக்கும். வருடத்துக்கு ஒரு வரிதான். விளக்கீடு அன்று வாசலில் விளக்கு வைத்தபோது காலநிலை எப்படி, விளக்கு நின்றதா இல்லையா, அவ்வளவுதான். 'தூறல். ஐந்து பாகை. இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் நின்றது.' 'காற்று. பூச்சட்டி மறைவில் வைத்தோம். நின்றது.' 'மூடுபனி. நின்றது.' இப்படி இருபத்துச் சொச்சம் வரி.

எதற்கு என்று கேட்டால் வீம்புக்குத்தான். கார்த்திகை மாதம் ஊரிலும் நல்ல மாதம் இல்லை, மழை மாதம். வாழைக்குற்றியை வாசலில் நட்டு அதன் தலையில் விளக்கை ஏற்றி வைத்தால் மழை வந்து அணைக்கும். சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்று மறுபடி ஏற்றுவோம். சாமிக்கு அது தெரியாமலா இந்த மாதத்தில் விளக்கு வைக்கச் சொன்னது? வெயில் மாதத்தில் யாரும் ஏற்றலாம்.

பிறகு போர் விமானம் வந்த காலம். வெளிச்சம் கண்டால் குண்டு போடுவான் என்று இரண்டு வருடம் விளக்கை வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திவிட்டு வைத்தோம். அது உயிர்ப்பயம். முருகன் பொறுத்திருப்பான். இங்கே வந்த முதல் கார்த்திகையில் அகதி முகாம் படிக்கட்டில் ஒரு யோகட் குவளைக்குள் திரி போட்டு ஏற்றினபோது மனதுக்குள் ஒரு சொல் கொடுத்தேன். இனி என் விளக்கு உள்ளே போகாது. உயிருக்குப் பயந்து உள்ளே வைத்தவன் குளிருக்குப் பயந்து உள்ளே வைக்கமாட்டான்.

அந்தச் சொல்லை நான் ஒரு வருடம் மீறினேன். கொப்பியில் ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

4

எங்கள் முருகன் கோயில் முன்பு குளியலறை ஓடுகள் விற்ற களஞ்சியம். அதன் வாகனத் தரிப்பிடம்தான் எங்களுக்குக் கோயில் வீதி. விளக்கீட்டுக்கு அங்கேதான் சொக்கப்பானை கொளுத்துவோம். பனைமரம் இங்கே இல்லை. காட்டு இலாகாக் கந்தோரில் கேட்டு ஒரு ஊசியிலை மரத்தின் தண்டு வாங்கி நட்டு, வைக்கோலும் கொப்பும் கட்டுவோம். பனையோலைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தது ஈஸ்வரி, என் மனைவி. ஊரிலிருந்து வரும் பனங்கட்டி, அந்தப் பனைவெல்லம், சின்ன ஓலைப் பெட்டியான குட்டானில்தானே வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் பனங்கட்டி முடிந்ததும் குட்டானை எறியாமல் வைத்திருந்து விளக்கீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். வருடம் முழுக்கச் சேர்ந்த குட்டான்கள் மாலையாகக் கட்டித் தொங்கும். ஊர்ப் பனை எரியாமல் சொக்கப்பானை ஏது.

திறந்த வெளியில் நெருப்பு என்றால் நகரசபைக்கு அன்ட்ராக் கொடுக்க வேண்டும், விண்ணப்பம். முதல் முறை போனது நான்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "வழக்கமான நெருப்பு என்றால் எந்தத் திகதி?" என்று கேட்டார். வருடா வருடம் மாறும் என்றேன். யார் மாற்றுவது என்றார். சந்திரன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். எனக்கும் கோபம் வந்தது. "உங்கள் ஈஸ்டர் நெருப்பும் சந்திரனைப் பார்த்துத்தானே மாறுகிறது? அதற்கு யாரிடம் கேட்கிறீர்கள்?" என் உடைந்த ஜேர்மனில் இதைச் சொல்லி முடிக்க வியர்த்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது.

இப்போது இந்த வேலைகளைப் பார்ப்பது கோயில் செயலாளர் தர்சன். இங்கேயே பிறந்தவன், கணினியில் பெரிய உத்தியோகம், நல்ல பிள்ளை. விளக்கீட்டுக்கு முந்திய கிழமை, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பத்துப் பேர் கதிரையைச் சுற்றிப் போட்டு இருந்தபோது அவன் தொடங்கினான்.

"அண்ணை, அடுத்த கிழமை ஸ்நோ எண்டு போட்டிருக்கு. காத்தும் இருக்காம். சொக்கப்பானையை உள்ளுக்கை வைப்பம்."

"உள்ளுக்கை எப்பிடித் தம்பி எரிக்கிறது?"

"எரிக்கிறேல்லை. கோபுரம் மாதிரிச் செய்து செம்மஞ்சள் பல்ப்பும் பட்டுத் துணியும் சுத்தினாச் சரி. கீழை ஒரு ஃபேன் வைச்சா துணி ஆடும், நெருப்பு மாதிரியே இருக்கும். பிறகு ஒவ்வொரு வருஷமும் அதையே எடுத்து வைக்கலாம். அன்ட்ராக்கும் வேண்டாம், புகையும் வேண்டாம்."

ஒவ்வொரு வருஷமும் என்றான். ஒரு முறை உள்ளே போனால் அது வெளியே வராது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சுற்றிப் பார்த்தேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். போன வருடம் அந்தப் பாதிப் பேரும் கார் கண்ணாடிக்குள் இருந்துதான் கும்பிட்டவர்கள்.

நான் கொப்பியைக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேசையில் வைத்தேன். "இதைப் பாருங்கோ. இத்தனை வருஷத்திலை ஒரு வருஷமும் என்ரை வாசல் விளக்கு உள்ளுக்கை போகேல்லை. சின்ன மண் சிட்டி விளக்கே நிக்குதெண்டா சொக்கப்பானை நிக்காதோ?"

தர்சன் மரியாதையாக எடுத்துப் பார்த்தான். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு வருடத்துக்கும் விளக்கீடு எந்த ஜேர்மன் திகதியில் வந்தது என்று தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். "அண்ணை, இது நவம்பர் நடு. இது டிசம்பர் நடு. இரண்டுக்கும் இடையிலை நாலு கிழமை. நீங்கள் ஒரே நாள் மாதிரி ஒண்டுக்குக் கீழை ஒண்டு எழுதியிருக்கிறியள். நவம்பர்த் தூறலை வைச்சு டிசம்பர்ப் பனியை அளக்கேலாதே."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். வேலைக் கொப்பியில் திகதியைத் தவிர வேறு பேச்சில்லாத நான், வீட்டுக் கொப்பியில் சந்திரனின் பின்னாலேயே போய்விட்டு, விளக்கீடு என்றால் தூறல் என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் விரல் அந்த வெறும் வரியில் நின்றது. "இந்த வருஷம் ... அந்தப் பெரிய ஸ்நோ விழுந்த வருஷமெல்லோ? பஸ் எல்லாம் நிண்டது. இதிலை ஒண்டும் எழுதேல்லையே?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். முருகன் பெரிய படமாக எனக்கு நேரே இருந்தான்.

"எழுத மறந்துபோனன்" என்றேன்.

"அப்ப தூறலிலை நிண்டது தெரியும் அண்ணை. ஸ்நோவிலை நிக்குமோ எண்டது உங்கடை கொப்பிக்கும் தெரியாது." அவன் நக்கலாகச் சொல்லவில்லை. கொப்பியை மூடி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். "பனி கிடந்தால் தீயணைப்பு வாகனம் வாற பாதையைத் துப்புரவா வைச்சிருக்கவேணும் எண்டு அனுமதியிலை கிடக்கு. பொறுப்பாளர் எண்டு ஒராள் கையெழுத்தும் வைக்கவேணும். ஆராவது வைச்சா எனக்கு மறுப்பில்லை. அடுத்த கூட்டத்திலை முடிவெடுப்பம்."

யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. பொய் சொன்ன வாயோடு பொறுப்பாளர் என்று எப்படிக் கையெழுத்து வைப்பது?

5

நான் மறக்கவில்லை. அந்த நாளின் ஒவ்வொரு மணியும் எனக்குத் தெரியும். அன்றைக்கு வேலைக் கொப்பியில் என் பெயர் ஏழு இடத்தில் இருக்கிறது. விடியப்புறம் தொடங்கி மத்தியானம் தாண்டும்வரை பனி தள்ளினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சோபாவில் சரிந்தேன். அபிராமி அப்போது பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளை. பொழுது படுகிற நேரம் ஈஸ்வரி வந்து, "இஞ்சேருங்கோ, விளக்கு வைப்பமே?" என்று கேட்டாள். நித்திரை இல்லை, முழித்துத்தான் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் அதற்குள் கால் வைக்க மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடந்தேன். அவள் போய்விட்டாள். பிறகு நிசமாகவே நித்திரையாகிவிட்டேன்.

நோய் இல்லை, ஆபத்து இல்லை. குளிர், அவ்வளவுதான். அடுத்த நாள் கொப்பியை எடுத்து, வருடத்தைப் போட்டு, கோட்டை இழுத்துவிட்டு, எழுத ஒன்றும் இல்லாமல் மூடினேன். ஒன்றும் எழுதாவிட்டால் பொய்யும் இல்லை என்று என்னைச் சமாதானம் செய்தேன். எழுதாவிட்டால் செய்யவில்லை என்று ஊவே சொன்னது அப்போதும் காதில் கேட்டது.

கூட்டம் முடிந்த அடுத்த நாள் சனிக்கிழமை. காலைத் தேத்தண்ணிக்கு ஈஸ்வரி எதிரே வந்து இருந்தபோது சொல்லிவிட்டேன். கோயிலில் பொய் சொன்னதையும், அந்த வருடம் நித்திரை மாதிரிக் கிடந்ததையும்.

அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "நீங்கள் முழிச்சிருந்ததோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியும். நித்திரை எண்டா உங்களுக்குக் குறட்டை வரும்."

"என்னை ஏசனப்பா, பேசு."

"நான் ஏன் பேச? நான் விளக்கை ஏத்திப்போட்டு வந்து படுத்தனான்."

எனக்கு விளங்கவில்லை. "எங்கை ஏத்தினது? சாமி அறையிலையோ?"

"வாசல்லை. பின்னை எங்கை?"

"அந்தப் பனிக்குள்ளையோ?"

"வாளியைக் கவிட்டு வைச்சு அதுக்கு மேலை சிட்டியை வைச்சனான். ரெண்டு தரம் காத்துக்கு நூந்துபோச்சு. பிறகு உங்கடை சவள் கதவோடை சாத்திக் கிடந்தது. அதை எடுத்துக் காத்துப் பக்கம் மறைப்பாப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். நிண்டுது. ரெண்டு தேவாரம் பாடி முடியுமட்டும் நிண்டுது. சவள் கொஞ்சம் உருகிப்போச்சு, நீங்கள் ஏசப்போறியள் எண்டு பயந்தனான். நீங்கள் காணேல்லை."

எழுந்து பின்கதவுக்குப் போனேன். சவள் அங்கே சாய்ந்து கிடந்தது. வலது ஓரத்துப் பள்ளம். சிட்டி விளக்கின் சுடர் அகலம்தான் இருக்கும். எத்தனை குளிர்காலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பனி தள்ளினேன், வானின் புகைக்குழாய் என்று நினைத்து.

திரும்பி வந்து, "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லையே. அதோடை ஒவ்வொரு வருஷமும் கோயில்லை ஒரு வருஷமும் தவறேல்லை எண்டு சொல்லேக்கை, நான் ஏத்தினதைத்தான் சொல்லுறியள் எண்டு நினைச்சன்." பாண் ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தாள். "தவறேல்லைத்தானே."

6

திங்கட்கிழமை வேலையில் ஊவேயிடம் போனேன். பனி விழுந்தால் அன்றைக்கு என்னையும் கூப்பிடுவார்கள் என்பது தெரியும். "விளக்கீடு அன்று பின்னேரம் நான் வரமாட்டேன். அதற்குப் பதிலாக நத்தார் இரவுக் கடமை முழுவதும் என்னுடையது" என்றேன். நத்தார் இரவை, கிறிஸ்மஸ் இரவை, விட்டுக்கொடுக்கிறவனை ஜேர்மன்காரர் லேசில் விடமாட்டார்கள். ஊவே கையைத் தந்து, "தவளை பனியிலிருந்து தப்பி ஓடுகிறதா?" என்று கேட்டார். "இல்லை, சம்பளம் இல்லாமல் பனி தள்ளப் போகிறது" என்றேன். விசயத்தைக் கேட்டுவிட்டு, கல் தூவுகிற தள்ளுவண்டியையும் இரண்டு பை சிறுகல்லையும் அன்றைக்கு எடுத்துப்போ என்றார்.

விளக்கீட்டுக்கு முன் நடந்த அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். நின்று பேசிப் பழக்கம் இல்லாததால் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"போன முறை நான் மறந்துபோனன் எண்டு சொன்னது பொய். நான் அண்டைக்குக் குளிருக்குப் பயந்து படுத்துக் கிடந்தனான். விளக்கை ஏத்தினது இவ. பனிக்குள்ளை ஏத்தினவ. நிண்டிருக்கு. தம்பி, இனி என்ரை கொப்பிக்கும் தெரியும்."

தர்சன் ஈஸ்வரியைப் பார்த்தான். "எவ்வளவு நேரம் அக்கா நிண்டது?"

"ரெண்டு தேவாரம்."

"நிமிஷக் கணக்கிலை?"

"நீர் பாடிப் பாரும், தெரியும்." சிரிப்பு எழுந்தது. ஈஸ்வரி விடவில்லை. "தர்சன், நீர் சின்னனிலை ஜேர்மன்காரரின்ரை மார்ட்டின் திருநாள் ஊர்வலத்துக்குக் கடதாசி லாம்பு தூக்கிக்கொண்டு மூக்கு வடிய வடிய தெருவெல்லாம் நடந்தனீர். உம்மடை அம்மாவும் நானும் பின்னாலை குடை பிடிச்சு நடந்தனாங்கள். அதுவும் நவம்பர்தான். அப்ப ஒருத்தரும் ஃபேன் வைச்சுத் துணி ஆட்டுவம் எண்டு சொல்லேல்லை."

தர்சன் காதுவரை சிவந்து சிரித்தான். அவனும் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. "சரி அக்கா. ஆனாக் காத்து கூடினா நான் நிப்பாட்டுவன். அனுமதியிலை அப்பிடித்தான் கிடக்கு."

"ஓம் தம்பி" என்றேன். "காத்துக்கு நிப்பாட்டும். அது நெருப்புக்குப் பயம், சரியான பயம். குளிருக்கு மட்டும் நிப்பாட்டாதையும்."

பத்திரத்தை என் பக்கம் தள்ளினான். பொறுப்பாளர் என்று இருந்த இடத்தில் பெயரை ஜேர்மன் எழுத்தில் முழுதாக எழுதினேன். என் பெயர் அந்தப் பெட்டிக்குள் அடங்காது. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கினதில்லை. கோட்டுக்கு வெளியே எழுதி முடித்தேன்.

7

வானொலி இந்த முறை சொன்ன சொல் தவறவில்லை. விளக்கீடு அன்று காலையில் மழை, மத்தியானம் மழையும் பனியும் கலந்து, மூன்று மணிக்கு நல்ல பனி. பூச்சியம் பாகை. இரண்டு மணியிலிருந்தே கோயில் முன்றிலில் நின்றேன். தள்ளி முடித்துத் திரும்பிப் பார்த்தால் தள்ளின இடம் மறுபடி வெள்ளை. வேலையில் என்றால் இதைப் பார்த்து அலுப்பு வரும். அன்றைக்கு எனக்கு ஒரு சந்தோசம். வா, நீயும் வா, எவ்வளவு கொட்டுகிறாய் என்று பார்ப்போம் என்று முருகன் பேரைச் சொல்லிச் சொல்லித் தள்ளினேன்.

நாலு மணிக்குத் தர்சன் காரில் வந்தான். பின்னாலிருந்து ஒரு புதுச் சவளை எடுத்தான். விலைச் சீட்டும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் பேசாமல் மற்றப் பக்கத்திலிருந்து தள்ளத் தொடங்கினான். முழங்காலை மடித்துத் தள்ளத் தெரியவில்லை, முதுகால் தள்ளினான். நாளைக்கு எழும்பமாட்டான் என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஐந்து மணிக்குப் பாதை கறுப்பாகத் தெரிந்தது. தள்ளுவண்டியை உருட்டிக் கல் தூவினேன். தீயணைப்பு வாகனம் இரண்டு வந்தாலும் வழுக்காது.

பூசை முடிந்து முருகனை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். ஐயர் உள்ளிருந்து தீபத்தைப் பந்தத்தில் பற்றவைத்துக்கொண்டு வந்தார். காற்று பெரிதாக இல்லை. தர்சன் அடிக்கடி கைத்தொலைபேசியைப் பார்த்துத் தலையாட்டினான், கொளுத்தலாம் என்று. ஆனால் நிலத்தோடு ஒரு சின்னக் காற்று சுழன்றுகொண்டிருந்தது. ஐயர் பந்தத்தைக் குனிந்து வைக்கோலில் பிடித்தார், அணைந்தது. மறுபடி உள்ளே போய் ஏற்றி வந்தார். குட்டான் மாலையின் நுனியில் ஒரு சிவப்பு வந்தது, பனி அதன்மேல் விழுந்தது, போய்விட்டது. காருக்குள் இருந்தவர்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள்.

ஈஸ்வரி எனக்குப் பக்கத்தில் நின்றாள். கூட்டத்தில் பேசுகிற குரலில் இல்லை, சமையலறையில் உப்பு எடுத்துத் தாங்கோ என்கிற குரலில் சொன்னாள். "சவள்."

என் சவளைக் காற்றுப் பக்கம் நிலத்தில் ஊன்றிப் பிடித்தேன். தர்சன் பார்த்தான், விளங்கிக்கொண்டான், தன் புதுச் சவளை என்னுடையதற்குப் பக்கத்தில் சேர்த்து ஊன்றினான். கோயில் சவளை ஒருவர் எடுத்து வந்தார். காரில் இருந்தவர்கள் இரண்டு பேர் தங்கள் சவள்களை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இங்கே குளிர்காலத்தில் எல்லோர் காரிலும் ஒன்று கிடக்கும். ஐந்து சவள் வட்டமாக நின்றது. அதற்குள் ஐயர் மூன்றாம் தரம் குனிந்தார்.

முதலில் பற்றினது குட்டான்தான். ஓலையில் ஒட்டியிருந்த பனங்கட்டி உருகிப் பொரிந்தது. அந்த மணம் என் மூக்கில் ஏறியது. பிறகு வைக்கோல், பிறகு கொப்பு. ஐயர் சட்டென்று பின்னுக்கு வந்தார், நாங்களும் சவளை எடுத்துக்கொண்டு பின்னுக்கு வந்தோம். நெருப்பு ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் எழுந்தது. மேலிருந்து வந்த பனி அதற்குக் கிட்ட வரும்போதே இல்லாமல் போனது. கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. அரோகரா என்று சனம் சொன்னது. நான் சவளைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

எல்லாம் முடிந்து சனம் கரி எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டிருந்தபோது தர்சன் கிட்ட வந்து தன் சவளைக் காட்டினான். ஓரத்தில் ஒரு பள்ளம், இன்னும் இளகலாக இருந்தது.

"அண்ணை, என்ரையும் உருகிப்போச்சு."

"இனித்தான் அது சவள்" என்றாள் ஈஸ்வரி.

8

அடுத்த நாள் காலை குளித்து, திருநீறு பூசி, கொப்பியை எடுத்தேன். முதலில் இந்த வருடத்து வரி. ஜேர்மன் திகதியையும் சேர்த்து எழுதினேன். தர்சன் சொன்னது சரிதான், அதைச் சரி என்று சொல்வதில் எனக்கு என்ன குறை. நவம்பரில் பனியோடு வந்த விளக்கீடும், டிசம்பரில் தூறலோடு வந்த விளக்கீடும் விளக்கீடுதான். ஆனால் அடுத்த முறை எந்தச் செயலாளர் கேட்டாலும் என் கொப்பி பதில் சொல்ல வேண்டும்.

பிறகு அந்த வெறும் வரி. ஈஸ்வரி கதவடியில் நின்று சொல்ல நான் எழுதினேன்.

'கடும் பனி. வாளிக்கு மேல், சவள் மறைவில். இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் நின்றது. இரண்டு தேவாரம்.' கீழே சின்னதாக, 'பிந்தி எழுதியது.' அதையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு அடிமட்டத்தை வைத்து வலது பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு புது நிரல் கீறினேன்.

"அது என்னத்துக்கு?" என்றாள்.

"செய்தவர் பேர்."

"என்ரை பேர் ஏன் அதிலை? பேசாமல் இருங்கோ."

"பேர் போடாட்டி ஒருத்தரும் செய்யேல்லை. எங்கடை கொம்பனிச் சட்டம்."

அந்த வரிக்கு நேரே, ஈஸ்வரி என்று எழுதினேன். மற்ற வரிகளுக்கு என் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பெயரும் அவளுடையதைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் வந்தது. அதில் வெட்கம் இல்லை.

அடுத்த வருடத்துக்கும் கோடு இழுத்து வைத்துவிட்டேன். விளக்கீடு நவம்பரில் வந்தாலும் சரி, டிசம்பரில் வந்தாலும் சரி. தூறலோ, காற்றோ, பனியோ, என்ன வருகிறதோ வரட்டும். காலநிலைக்கு ஒரு நிரல், செய்தவர் பெயருக்கு ஒரு நிரல். இரண்டும் வெறுமையாக இருக்கிறது. வாசலில் சவள் இருக்கிறது.